நாற்பத்தொன்றாம் பதக்கத்தின் பின்புறம்

கிளாருஸ்
6 மார்ச் 1968

அன்புள்ள ரெகுலா,

ஞாயிற்றுக்கிழமை பதக்கப் பரிமாற்றக் கூட்டத்தில் நீங்கள் என் தொப்பியை ஜன்னல் வழியாக வெளியே போட்டதற்கு நான் விளக்கம் கேட்கப் போவதில்லை. தொப்பி கிடைத்துவிட்டது. விளக்கம் தர வேண்டியவன் நான்தான் என்பதால் எழுதுகிறேன். தொலைபேசியில் மூன்று முறை முயன்றேன். என் குரலைக் கேட்டதும் "விடுதி மூடியிருக்கு" என்று வைத்துவிட்டீர்கள். பின்னால் பீர்க் கோப்பைகள் மோதிக்கொள்ளும் சத்தம் நன்றாகக் கேட்டது.

நான் சொன்னது ஒரே ஒரு வாக்கியம். ஹின்டர்மாட்டில் 1889-இல் துப்பாக்கி சுடும் விழா நடக்கவே இல்லை என்று சொன்னேன். அதை முப்பது சேகரிப்பாளர்கள் முன்னால் சொன்னது தவறு. சொன்ன விஷயத்தில் தவறு இல்லை.

நம் மாநிலத்துச் சுடும் விழாப் பதக்கங்களுக்குப் பதினோரு வருடமாக அட்டவணை எழுதி வருகிறேன். மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு பதக்கங்கள். அவற்றில் பாதியைப் பெட்டி பெட்டியாகக் கிளறித் தேடிக் கொடுத்தவர் நீங்கள். 1892-இல் எங்கள் நகரில் நடந்த தேசிய விழாவின் பதக்கம் போன்றவை யாரிடமும் கிடைக்கும். எண் 41 அப்படியில்லை. ஹின்டர்மாட் விழா, 1889, வெள்ளி. உலகத்தில் தெரிந்தவரை ஒன்றுதான். அது உங்கள் விடுதியில், வாடிக்கையாளர் மேசைக்கு மேலே, கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது. கீழே பித்தளைத் தகட்டில் ‘பால்ட்ஸ் எல்மர், முதல் பரிசு’ என்று உங்கள் தாத்தாவின் பெயர்.

போன மாதம் ஆவணக் காப்பகத்தில் வெங்காற்று நாட்களில் தீ பற்றாமல் காவல் இருந்ததைப் பதிந்த உங்கள் ஊரின் பழைய காற்றுக்காவல் புத்தகத்தைத் திறந்து பார்த்தேன். விழாவுக்கு வைத்திருந்த தேதி அக்டோபர் 12, 13, 14. அந்த மூன்று நாளும் தெற்கு மலையிலிருந்து வெங்காற்று இறங்கியிருக்கிறது. ஊரில் எல்லா அடுப்பையும் அணைத்திருக்கிறார்கள். புகைக்குழாய்க்குத் தடை. வெடிமருந்துக்குத் தடை. மறு வாரச் செய்தித்தாளில் ஒற்றை வரி: விழா ரத்து. பதக்கங்கள் முன்பே அடித்து வந்துவிட்டதால் திருப்பி அனுப்பி உருக்கியிருக்கிறார்கள்.

உங்கள் தாத்தா அப்போது சுடுநர் சங்கத்தின் செயலாளர். பதக்கப் பெட்டியின் சாவி அவரிடம் இருந்தது. இதிலிருந்து நான் எந்த முடிவுக்கும் வரவில்லை. வாசகர்கள் வருவார்கள் என்பதுதான் சங்கடம்.

ஆகஸ்ட் மத்தியில் புத்தகம் அச்சுக்குப் போகிறது. அதற்குள் உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

மரியாதையுடன்,
காஸ்பர் ட்ரூம்பி


ஹின்டர்மாட்
9 மார்ச் 1968

திருவாளர் ட்ரூம்பி அவர்களுக்கு,

‘அன்புள்ள’ என்று எழுதிப் பார்த்தேன். பேனா ஒத்துழைக்கவில்லை.

என் கருத்தை அறிய விரும்புகிறீர்கள். இருபது வருடம் என் விடுதியில் பச்சைச் சீஸ் போட்ட மக்ரோனி சாப்பிட்டுவிட்டு, அதே மேசைக்கு மேலே தொங்கும் என் தாத்தாவைத் திருடன் என்று எழுதப் போகிற ஆள் நீங்கள். இதுதான் என் கருத்து.

எங்கள் ஊரைப் பற்றி உங்களுக்குத் தெரியும். நவம்பரில் போகிற வெயில் பிப்ரவரியில்தான் திரும்பி வருகிறது. முன்னால் பாறை, பின்னால் பாறை. என் சமையல் சுமார் என்று நீங்களே ஒருமுறை சொன்னீர்கள், குடித்திருந்தபோது. அப்படியிருந்தும் ரயிலை விட்டு இறங்கி இந்த விடுதிக்கு ஆட்கள் வருகிறார்கள் என்றால் அந்தப் பதக்கத்துக்காகத்தான். என் அப்பா விடுதிக்கு ‘முதல் பரிசு’ என்று பெயர் வைத்ததும் அதனால்தான். இப்போது அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. சங்கம் கட்டிக்கொண்டிருக்கும் புதிய சுடுகளத்துக்கு ‘பால்ட்ஸ் எல்மர் சுடுகளம்’ என்று பெயர் வைக்கப் போகிறார்கள். அக்டோபர் முதல் ஞாயிறு திறப்பு விழா. சங்கத் தலைவர் ஃப்ரிடி குப்ளி பெயர்ப்பலகைக்குச் சொல்லிவிட்டார். பிள்ளை குட்டி இல்லாத எனக்கு எல்மர் என்ற பெயர் என்னோடு முடிகிறது. சுடுகளத்தின் மேலாவது இருக்கட்டும் என்று நினைத்தேன். அது பேராசையா?

விழா நடந்தது. எப்படி நடந்தது என்பதை என் அப்பா ஒவ்வொரு ஞாயிறும் சொல்லுவார், வார்த்தை மாறாமல். தெற்கிலிருந்து காற்று அடிக்கிறது. கொடி கிழிந்து பறக்கிறது. எல்லாருடைய குண்டும் வழி தவறிப் போகிறது. தாத்தா என்ன செய்தார்? தன் இலக்கைப் பார்க்கவே இல்லை. பக்கத்து ஆளின் இலக்கைப் பார்த்துக் குறி வைத்தார். காற்று குண்டைத் தூக்கிக்கொண்டு போய் அவருடைய இலக்கின் நடுவில் வைத்தது. பத்து முறை சுட்டார், பத்தும் நடுவில். இந்தக் கதையைத் தெரியாத ஆள் இந்தப் பள்ளத்தாக்கில் உண்டா? உங்களுக்கே நான் சொல்லியிருக்கிறேன். அப்போது கைதட்டினீர்கள்.

உங்கள் புத்தகத்தில் இதைப் போடுங்கள்.

ரெகுலா எல்மர்


கிளாருஸ்
13 மார்ச் 1968

மதிப்புக்குரிய ரெகுலா எல்மர் அவர்களுக்கு,

கைதட்டியது உண்மை. அதற்காக இப்போது வெட்கப்படுகிறேன். காரணத்தை எழுதிவிடுகிறேன். கோபப்பட்டால் இந்த முறை தொப்பி கையில் கிடைக்காது என்பது ஒரு ஆறுதல்.

உங்கள் கதையில் தெற்கிலிருந்து காற்று அடிக்கிறது. கொடி கிழிகிறது.

அது வெங்காற்று, ரெகுலா. நம் பள்ளத்தாக்கில் தெற்கிலிருந்து வந்து கொடியைக் கிழிக்கும் காற்று வேறு எதுவும் இல்லை. 1861-இல் அதே காற்றில்தான் என் நகரம் ஒரே இரவில் சாம்பலானது. அந்தக் காற்று வீசும்போது நம் ஆட்கள் பாதிரியாரைக்கூடச் சுருட்டை அணைக்கச் சொல்வார்கள். இந்த எண்பது வருடத்தில் அந்தக் கதையை எத்தனை ஆயிரம் பேர் கேட்டிருப்பார்கள்? எல்லாருமே வெங்காற்றில் தீக்குச்சி கிழித்தவனை மன்னிக்காத ஜனங்கள். ஒருவர்கூட ஒரு நிமிடம் நிறுத்தி, "இந்தக் காத்துலயா கரிமருந்து வெடிச்சாங்க?" என்று கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. நில அளவைத் துறையில் முப்பத்தாறு வருடம் வேலை பார்த்தவன் நான்.

ஆகவே இரண்டே வழிதான் இருக்கிறது. ஒன்று, விழா நடக்கவில்லை. உங்கள் தாத்தா பெட்டியைத் திறந்து ஒரு பதக்கத்தை எடுத்துக்கொண்டார். இரண்டு, கதை உண்மை. அவர் மரக்கூரை வீடுகளுக்கு நடுவே, வெங்காற்றில், தடையை மீறிப் பத்து முறை வெடித்தார். இந்த இரண்டாவது குற்றத்துக்கு நம்மிடம் காலக்கெடு கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். 1902-இல் வெங்காற்றில் புகைக்குழாய் பற்றவைத்த ஒருவரின் பேரனை 1951-இல் தேவாலயக் குழுவுக்குத் தேர்ந்தெடுக்க மறுத்தார்கள். பேரன் புகைபிடிக்காதவர்.

இவற்றில் எதை எழுத வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள். இரண்டில் எதையுமே அச்சிட எனக்கு விருப்பமில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கா. ட்ரூம்பி


ஹின்டர்மாட்
8 மே 1968

திருவாளர் ட்ரூம்பி,

எட்டு வாரம் பதில் எழுதவில்லை. உங்கள் கடிதத்தை அடுப்பில் போட்டேன். பிறகு வெளியே எடுத்தேன். ஓரம் கருகியிருக்கிறது, படிக்க முடிகிறது.

போன ஞாயிறு எங்கள் ஆண்கள் எல்லாரும் உங்கள் நகரச் சதுக்கத்தில் நின்று, கையைத் தூக்கி மாநிலச் சட்டங்களை நிறைவேற்றிவிட்டுச் சாயங்காலம் விடுதிக்கு வந்தார்கள். இன்னும் கை தூக்குகிற வேகம் இறங்கவில்லை. நான் உங்கள் கடிதத்தை மேசையில் வைத்து ஃப்ரிடியைப் படிக்கச் சொன்னேன். மறைத்து வைத்தால் நீங்கள் புத்தகத்தில் போட்ட பிறகு படிப்பார்கள். அதற்கு இது மேல்.

மர அறுவை ஆலை ஹைரிதான் ஆரம்பித்தார்.

"அந்தாளு சொல்றது சரியாத்தான்யா இருக்கு. காத்து அடிச்சா எப்படிய்யா சுடுவாங்க?"

"இத்தனை வருஷமா நீதானே மேசையில குத்திக் குத்திச் சொன்ன, காத்து குண்டைத் தூக்கிட்டுப் போச்சுன்னு?" என்றார் ஃப்ரிடி.

"நான் குண்டைப் பத்திதான் யோசிச்சேன். தீயைப் பத்தி எங்க யோசிச்சேன்?"

"சரி, இப்ப யோசி. பால்ட்ஸ் எல்மர் பொய்யரா, இல்ல காத்துல வெடிச்சவரா?"

"பொய்யராவே இருந்துட்டுப் போகட்டுமே. பொய் சொல்லி எந்த ஊருய்யா எரிஞ்சிருக்கு?"

"பொய்யர் பேரை எப்படிய்யா சுடுகளத்துக்கு வைக்கிறது?"

"ஏன், தீ வச்சவர் பேரை வைக்கலாமா?"

"தீ வைக்கலையே. ஊரு இன்னும் நிக்குதில்ல?"

"நம்ம அதிர்ஷ்டம்யா அது. அவரு சாமர்த்தியம் இல்ல."

ஆறு மணிக்கு ஃப்ரிடி எழுந்து நின்று வாக்கெடுப்பு நடத்தினார். பொய்யர் என்பதற்கு ஒன்பது கை. வெடித்தவர் என்பதற்கு நான்கு. பள்ளி ஆசிரியர் இரண்டு முறையும் கை தூக்கினார். அவரைக் கணக்கில் சேர்க்கவில்லை. நானும் தூக்கினேன்.

"ஏம்மா ரெகுலா, உனக்குத்தான் ஓட்டு கிடையாதே" என்றார் ஹைரி. வருத்தத்தோடுதான் சொன்னார். சட்டம் அப்படி.

தாத்தா என்னுடையவர். பதக்கம் என்னுடையது. அவர்கள் குடித்த பீரும் என்னுடையது. ஆனால் அவர் பொய்யரா என்று தீர்மானிக்கும் உரிமை, பெண் என்பதால், எனக்கு இல்லை. அடுத்த கோப்பையை ஊற்றிக் கொடுத்தேன்.

பலகைக்காரரிடம் கொஞ்சம் பொறுக்கச் சொல்லியிருக்கிறாராம் ஃப்ரிடி.

ரெகுலா எல்மர்


கிளாருஸ்
11 மே 1968

அன்புள்ள ரெகுலா,

இந்த வார்த்தையைத் திரும்ப எழுதுவதற்கு மன்னியுங்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். இதை இருபது வருடமாகக் கேட்டு வருகிறேன், நீங்களும் இருபது வருடமாக மறுத்து வருகிறீர்கள். அந்தப் பதக்கத்தின் பின்புறத்தை எனக்குக் காட்டுங்கள்.

சேகரிப்பவன் பதக்கத்தைக் கையில் வாங்கியதும் முதலில் திருப்பித்தான் பார்ப்பான். முன்புறம் எல்லாருக்கும் பொது. விழாக் குழு செலவு செய்து செய்த முகம் அது. பின்புறத்தில்தான் அந்த ஒரு ஆளுக்கு உரியது இருக்கும், ஏதாவது இருந்தால். உங்கள் அப்பா அதைப் பலகையில் ஒட்டிச் சட்டம் போட்டிருக்கிறார். முன்புறத்தை வருடா வருடம் சுண்ணாம்பும் வினிகரும் போட்டுத் தேய்த்து, அதிலுள்ள நாட்டுத் தாய் ஹெல்வேஷியாவின் மூக்கையே எடுத்துவிட்டார். அதைப் பார்க்கும்போதெல்லாம் நான் மக்ரோனியின் பக்கம் குனிந்துகொண்டேன். நீங்கள் அதைப் பசி என்று நினைத்தீர்கள்.

பதக்கத்தை அனுப்ப வேண்டாம். நான் வரவும் வேண்டாம். சட்டத்தைக் கழற்றி, பின்புறத்தின் மேல் மெல்லிய வெள்ளித்தாளை வைத்து விரலால் அழுத்தி, அந்தத் தாளை மட்டும் அனுப்புங்கள். ஒன்றும் இல்லாவிட்டால் ஒன்றும் இல்லை. அப்போது நான் உங்கள் ஊர் வாக்கெடுப்புக்குக் கட்டுப்படுவேன்.

காஸ்பர்


ஹின்டர்மாட்
2 ஜூன் 1968

காஸ்பர் அவர்களுக்கு,

இத்துடன் சாக்லேட் சுற்றி வந்த வெள்ளித்தாள் ஒன்று வைத்திருக்கிறேன். சாக்லேட்டை நான் சாப்பிட்டேன்; தேவைப்பட்டது.

சட்டம் சுலபமாகக் கழன்றது. பதக்கம் கழலவில்லை. அப்பா அதை ஓரத்தில் ஒட்டவில்லை, பின்புறம் முழுக்கத் தச்சர் பசையைப் பூசி அழுத்தியிருந்தார். ஒரு பதக்கம் கீழே விழாமல் இருக்க இவ்வளவு பசை தேவையில்லை. ஈரத்துணி போட்டு இரண்டு நாள் வைத்திருந்தேன். பிறகு அது தானாகவே கையில் வந்தது.

தாளில் நீங்கள் படிப்பதை நான் நேரில் படித்தேன். உளியால் வெட்டிய எழுத்து, நிதானமாக வெட்டியது:

‘பா. எல்மருக்கு. காற்றுக்காவல், அக்டோபர் 12–14, 1889. ஐம்பத்தேழு மணி நேரம். ஊரின் நன்றி.’

காஸ்பர், அவர் திருடவில்லை. சுடவும் இல்லை.

எனக்கு வந்த சந்தோஷம் அரை மணி நேரம் இருந்தது. அப்புறம் அந்தப் பசை நினைவுக்கு வந்தது. என் அப்பாவுக்கு இது தெரியும். தெரிந்துதான் மறைத்தார். ஒவ்வொரு ஞாயிறும் அந்த மேசையில் உட்கார்ந்து, காற்று குண்டைத் தூக்கிக்கொண்டு போன கதையை எங்களுக்குச் சொன்னார். பெருமைப்பட வேண்டியதை மறைத்துவிட்டு ஏன் ஒரு பொய்யைச் செய்ய வேண்டும்? அவர் பொய் சொல்லுகிற ஆள் இல்லை. பீரில்கூட நுரையைக் குறைத்துத்தான் ஊற்றுவார்.

உங்களுக்கு ஏதாவது புரிகிறதா?

ரெகுலா


கிளாருஸ்
10 ஜூன் 1968

அன்புள்ள ரெகுலா,

முதலில் தொழில் விஷயம். தாளில் பதிந்திருக்கும் பரப்பைப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. உங்கள் அப்பாவின் வினிகர் அந்தப் பக்கம் எட்டவே இல்லை. என் அட்டவணையில் இவ்வளவு சுத்தமான பின்புறம் வேறு கிடையாது. தச்சர் பசையை யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன், ஆனாலும் இந்த ஒரு முறை.

இரண்டாவது, என் தவறு. காற்றுக்காவல் புத்தகத்தைத் திரும்பப் போய்ப் பார்த்தேன். பிப்ரவரியில் நான் அதில் தேடியது விழா நடந்ததா என்பதை மட்டும்தான். தேதியைப் பார்த்தேன், மூடினேன். தேதிக்குக் கீழே கையெழுத்துகள் இருந்தன. அவற்றைப் படிக்கவில்லை. தேவையானது கிடைத்ததும் கண் நின்றுவிடுகிறது. சேகரிப்பவர்களுக்கு வரும் வியாதி இது.

சனிக்கிழமை காலை ஆறு மணி, முதல் முறை. பன்னிரண்டு கையெழுத்துகள். எல்லாரும் சுடுநர் சங்கத்து உறுப்பினர்கள். விழா ரத்தானதால் காவலுக்கு வந்திருக்கிறார்கள். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை கையெழுத்துப் போட வேண்டும். ஒன்பது மணிக்கு ஒரே ஒரு கையெழுத்து. பன்னிரண்டு மணிக்கும் அதே ஒன்று. திங்கள் பிற்பகல் மூன்று மணிவரை, பத்தொன்பது தடவை, ‘பா. எல்மர்’ மட்டுமே இருக்கிறது. எழுத்து போகப் போகப் பெரிதாகிறது. ஞாயிறு மாலைக்குப் பிறகு கோட்டை விட்டு வெளியே போகிறது. கடைசிக் கையெழுத்து ஒரு பக்கத்தில் பாதியை அடைத்திருக்கிறது.

மற்ற பதினோரு பேர் எங்கே போனார்கள் என்பதைப் புத்தகம் சொல்லவில்லை. ஊர்க் குழுவின் நவம்பர் கூட்டக் குறிப்பு சொல்கிறது. விழாவுக்காக வாங்கி வைத்த திராட்சை மது ஏற்கெனவே திறக்கப்பட்டுவிட்டதாம். வீணாகக் கூடாது என்பதால் அடுத்த ஊருக்கு எடுத்துப் போனார்களாம்.

அந்தப் பதினோரு பெயர்களையும் எழுத மாட்டேன். உங்கள் வாடிக்கையாளர் மேசையைச் சுற்றி ஒருமுறை பாருங்கள். ஹைரியின் தாத்தா, ஃப்ரிடியின் தாத்தா, ஏறக்குறைய எல்லாருடைய தாத்தாவும் அதில் இருக்கிறார்கள். இப்போது உங்கள் அப்பாவின் இடத்திலிருந்து யோசியுங்கள். விடுதி நடத்துகிறார். சுவரில் ஒரு பதக்கம், அதன் பின்புறம் தினமும் வரும் ஒவ்வொருவரின் தாத்தாவையும் குற்றம் சொல்கிறது. அதைப் பார்த்துக்கொண்டு யார் இரண்டாவது பீர் கேட்பார்கள்? திருப்பி ஒட்டிவிட்டு, எல்லாரும் சேர்ந்து கைதட்டக்கூடிய ஒரு கதையைச் செய்தார். யாரும் ஓடிப்போகாத கதை. உங்கள் அப்பா பொய் சொல்லவில்லை, ரெகுலா. விருந்தோம்பினார்.

மூன்றாவது. பட்டியலில் ஏழாவது பெயர் யாகோப் ஹெய்ட்ஸ். என் அம்மாவின் அப்பா. அவர் உங்கள் ஊரில் பிறந்தவர் என்பதைக்கூட உங்களிடம் நான் சொன்னதில்லை. எங்கள் வீட்டில் அவரைப் பற்றிச் சொல்லும்போது ‘பொறுப்பான மனிதர்’ என்பார்கள்.

எண் 41-க்கான பக்கத்தைக் காலியாக விடத் தயாராக இருக்கிறேன். ‘விவரம் தெரியவில்லை’ என்று போடலாம். மார்ச்சில் உண்மை உண்மை என்று எழுதியவன்தான் இதை எழுதுகிறேன் என்பது எனக்குத் தெரியும்.

காஸ்பர்


ஹின்டர்மாட்
30 ஜூன் 1968

அன்புள்ள காஸ்பர்,

பேனா ஒத்துழைக்கிறது.

காலியாக விடாதீர்கள். மூன்று மாதத்துக்கு முன் நீங்கள் அப்படிச் சொல்லியிருந்தால் உங்களுக்கு முத்தம் கொடுத்திருப்பேன். இப்போது கூடாது. அவர் பத்தொன்பது தடவை கையெழுத்துப் போட்டிருக்கிறார். உங்கள் புத்தகத்தில் ஒரு தடவை வந்தால் போதும்.

பதினோரு பெயர்களைப் போட வேண்டாம். எனக்கு ஞாயிற்றுக்கிழமை வாடிக்கையாளர்கள் வேண்டும். உங்கள் ஹெய்ட்ஸும் பொறுப்பான மனிதராகவே இருக்கட்டும்.

இன்று மதியம் எல்லாரும் இருக்கும்போது பதக்கத்தை மேசையில் குப்புற வைத்தேன். சட்டம் இல்லை, தகடு இல்லை. ஃப்ரிடி சத்தமாகப் படித்தார்.

"அப்ப அவரு சுடவே இல்லையா?" என்றார் ஹைரி.

"சுடவே இல்ல" என்றேன்.

"ஒரு குண்டுகூடவா?"

"ஒண்ணுகூட இல்ல, ஹைரி."

"மூணு நாள் என்னதான் பண்ணாரு?"

"முழிச்சிட்டு இருந்தாரு."

"என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல."

"அதை எப்படிம்மா கதையாச் சொல்றது?" என்றார் ஹைரி.

மற்றவர்கள் எங்கே இருந்தார்கள் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. எல்லாரும் கோப்பைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கேட்கவேண்டாம் என்று எல்லாருக்கும் எப்படித் தெரிந்தது என்று எனக்குப் புரியவில்லை. ஒருவேளை பசை அந்த ஒரு பலகையில் மட்டும் இல்லையோ என்னவோ.

பிறகு ஃப்ரிடி என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டுப் பேசினார். சுடுகளத்துக்குச் சுட்டவர் பெயரைத்தான் வைக்க முடியும், சுடாதவர் பெயரை வைத்தால் பக்கத்து ஊர் சிரிக்கும் என்றார். கூரை போட்டுக் கொடுக்கும் பருத்தி ஆலை முதலாளியின் பெயரை வைக்கப் போகிறார்கள். அவரும் சுட்டதில்லை. ஆனால் கூரை இருக்கிறது.

வாக்கெடுப்பு நடத்தவில்லை. ஃப்ரிடிக்கு என் முகத்தைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. நல்ல மனிதர்.

பெயர்ப்பலகை போய்விட்டது, காஸ்பர். வலிக்கவில்லை என்று எழுதலாம் என்று பார்த்தேன். வலிக்கிறது.

ரெகுலா


கிளாருஸ்
7 செப்டம்பர் 1968

அன்புள்ள ரெகுலா,

புத்தகம் வந்துவிட்டது. உங்களுக்கு ஒரு பிரதி தனியாக அனுப்புகிறேன். எண் 41-க்கான பத்தியை இங்கேயே எழுதிவிடுகிறேன், நீங்கள் தேட வேண்டாம்:

‘ஹின்டர்மாட், 1889. வெள்ளி. தெரிந்த ஒரே பிரதி. முன்புறம் ஹெல்வேஷியா, மிகத் தேய்ந்தது. பின்புறம் குறையற்றது, பெயர் வெட்டப்பட்டுள்ளது. வெங்காற்றின் காரணமாக விழா நடைபெறவில்லை. இந்த அட்டவணையில் உள்ள நூற்றுப் பதினொரு பதக்கங்கள் இலக்கில் பட்ட குண்டுகளுக்காகத் தரப்பட்டவை. இது ஊர் எரியாமல் இருந்ததற்காகத் தரப்பட்டது.’

அளவு மீறிய நடை என்று அச்சகத்தார் சொன்னார். அட்டவணையில் இப்படி எழுதக்கூடாதாம். முப்பத்தாறு வருடம் எல்லைக்கற்களை எண்ணியவன் ஒரு பத்தி இப்படி எழுதினால் பரவாயில்லை என்றேன்.

திறப்பு விழாவுக்கு நான் வரவில்லை. எனக்கு அழைப்பும் இல்லை.

காஸ்பர்


ஹின்டர்மாட்
16 அக்டோபர் 1968

அன்புள்ள காஸ்பர்,

திறப்பு விழா நன்றாக நடந்தது. ஆலை முதலாளி முதல் குண்டைச் சுட்டார். எங்கே போனது என்று யாரும் சொல்லவில்லை.

விடுதியின் பெயரை மாற்றவில்லை. ஊரில் வேறு விடுதியே இல்லாததால் முதல் பரிசு எங்களுக்குத்தான் என்று முடிவு செய்துவிட்டேன். பதக்கம் பழைய இடத்திலேயே இருக்கிறது, கயிற்றில் தொங்குகிறது. முன்னும் பின்னும் யார் வேண்டுமானாலும் திருப்பிப் பார்க்கலாம். இதுவரை யாரும் திருப்பவில்லை. நேற்றுவரை.

நேற்று மாட்டுக் கண்காட்சி. மேட்டுப் பண்ணையில் மாடு வளர்க்கும் சபீனா லெக்லர் இரண்டு பசுக்களை ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். எண்பத்தாறு வயது. இரண்டுக்கும் பரிசு. வருடத்தில் ஒரு நாள்தான் விடுதிக்குள் வருவார். ஒரு காபி, ஒரு துண்டு பேரிக்காய் ரொட்டி, பேச மாட்டார். நேற்று எழுந்து போய் அந்தப் பதக்கத்தைக் கையில் பிடித்துத் திருப்பினார்.

"என்னடி எழுதியிருக்கு இதுல? கண்ணு தெரியல."

படித்தேன். தேதியை இன்னொரு முறை படிக்கச் சொன்னார்.

"எங்க வீடு கோயிலுக்குப் பின்னாடி, கடைசி வீடு" என்றார். "மரக்கூரை. எனக்கு அப்ப ஏழு வயசு. மூணு நாளா எங்கம்மா அடுப்பே பத்தவைக்கல. பச்சைப் பாலும் காஞ்ச பேரிக்காயும்தான். எங்க கூரை மேல ஒரு ஆளு உக்காந்திருந்தாரு. பக்கத்துல ஒரு வாளி, ஈரச் சாக்கு. நான் கீழ நின்னு கையாட்டுவேன், அவரும் ஆட்டுவாரு. மூணாம் நாளும் ஆட்டினேன். அவரு பாத்தாரு. கையத் தூக்கல."

"யாருன்னு கேக்கலையா நீங்க?"

"கூரையில புகைபோக்கி இருந்துச்சு, ஆளும் இருந்தாரு. புகைபோக்கி யாருன்னா கேப்பாங்க?"

ஹைரியும் ஃப்ரிடியும் மேசையில் இருந்தார்கள். சீட்டு விளையாட்டை நிறுத்திவிட்டார்கள். சபீனா திரும்பி உட்கார்ந்து ரொட்டியைக் கையில் எடுத்தார். சாப்பிடவில்லை, வைத்துவிட்டார்.

"ஏண்டி ரெகுலா, அந்த மூணு நாளும் யாராச்சும் அவருக்குச் சாப்பாடு குடுத்தாங்களா? எங்கம்மா கூரைக்கு எதையும் ஏத்திக் குடுத்து நான் பாக்கல."

எனக்குத் தெரியவில்லை என்று சொன்னேன். மேசையிலும் யாருக்கும் தெரியவில்லை. இரவு முழுக்க அது என் மனதிலேயே இருந்தது. நீங்கள் இன்னொரு முறை காப்பகத்தில் தேடிப் பாருங்கள். அதைப் பற்றி ஒரு வரி இருந்தால் எனக்கு எழுதுங்கள்.

இல்லாவிட்டால் எழுத வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வாருங்கள்.

ரெகுலா